திருமலையின் சலவை மெஷின்

"நிறுத்து, நிறுத்து! மீட்டர் தகடு பிச்சிக்கினு ஓடுது!"

முக்காலி மேல் ஏறி, எலெக்ட்ரிக் மீட்டருக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு திருமலை போட்ட கூச்சலில், பின்கட்டில் இருந்த ஆவுடையம்மாள் பதறிப்போய் சுவிட்சை அணைத்தாள். செப்புத் தொட்டிக்குள் உருண்டுகொண்டிருந்த துணிகள் ஒரு முனகலோடு நின்றன.

"இப்பத்தான் நுரையே வருது. அதுக்குள்ள நிறுத்தினா அழுக்கு எப்படிங்க போகும்?"

"அழுக்கு இருந்துட்டுப் போவட்டும். போன மாசக் கரண்டு பில்லு இன்னா தெரியுமா? ஆறு ரூபா ஒம்பதணா! இந்த மெஷின் வர்றதுக்கு மின்ன ரெண்டு ரூபாதான் வந்துகினு இருந்துச்சு."

அது 1937. ராயபுரத்தில் அவர்கள் தெருவில் எலெக்ட்ரிக் விளக்கு போட்டிருந்த வீடுகளே ஏழெட்டுதான். துணி துவைக்கிற மெஷின் இருந்தது திருமலை வீட்டில் மட்டும்.

திருமலை ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் குமாஸ்தா. துறைமுகத்துக்குக் கப்பல் வந்ததும் ஏறிப்போய், கேப்டனிடம் காகிதங்களில் கையெழுத்து வாங்கி வருவது அவர் வேலை. அதற்கு வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் கட்டாயம். ஆனால் நிலக்கரி இறக்குகிற பக்கம் ஒரு நடை போய் வந்தால் போதும், கரித்தூள் காலர்வரைக்கும் ஏறிவிடும். காலையில் கொக்காகப் போகிறவர் சாயங்காலம் காக்கையாகத்தான் வீடு திரும்புவார்.

அந்தக் காக்கையைப் பன்னிரண்டு வருஷமாகக் கொக்காக்கி வந்தவள் வண்ணாரப்பேட்டைச் சலவைக்காரி கோவிந்தம்மா. இரண்டு மாதத்துக்கு முன்பு அவள், மாதக் கூலி மூன்று ரூபாயை நாலரையாக்கித் தரச் சொல்லிக் கேட்டாள்.

"சவுக்காரம் வெலை ஏறிப்போச்சு நைனா. உன் கோட்டு ஒண்ணுக்கே அரைக் கட்டி கரையுது."

"மூணுக்கு மேல காலணா தர மாட்டேன்."

"அப்போ நீயே தோச்சுக்கோ" என்றாள் கோவிந்தம்மா. கோபமெல்லாம் இல்லை. அழுக்கு மூட்டையை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வாரம், பக்கத்துத் தெருவில் ரயில் இன்ஜின் டிரைவரின் மனைவி ஃப்ளோரா, வீட்டு வாசலில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சீமை மெஷின், மேன். சுவிட்ச் போடு, கால் மேல கால் போட்டு உக்காரு. முப்பது ரூபாய்தான்."

கோவிந்தம்மாவுக்குத் தரும் கூலியை மிச்சம் பிடித்தால் பத்து மாதத்தில் மெஷின் விலை கைக்கு வந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் சலவை இனாம். திருமலை பிராவிடெண்ட் பண்டில் கடன் போட்டு வாங்கிவிட்டார். கரண்டுக்குக் காசு என்பது மட்டும் அந்தக் கணக்கில் விட்டுப்போயிற்று.

பில்லைப் பார்த்த அன்றைக்கு அவர் ஒரு சட்டம் போட்டார். பத்து நிமிஷத்துக்கு மேல் மெஷின் ஓடக் கூடாது.

பத்து நிமிஷத்தில் துணி நனைந்தது, அழுக்கு அசையவில்லை.

"சலவைச் சோடாவை ரெண்டு மடங்காப் போடு" என்றார் திருமலை.

போட்டாள். மூன்றாவது சலவையில் கோட்டில் அழுக்கு அப்படியே நின்றது. பித்தான் துளைகள்தான் பிய்ந்துபோயின. துணி வேறு பழுப்பேறிப்போனது.

"பழுப்புக்கு நீலம் போட்டா சரியாப்பூடும்."

"ஒரு சிட்டிகை போதும்ல?"

"நீலத்துக்கு இன்னா கரண்டா செலவாவுது? தாராளமாப் போடு!"

இருந்த மூன்று கோட்டும் அன்றைக்கு ஒரே தொட்டியில் கிடந்தன. மூன்றும் காசிமேட்டுக் கடல் நிறத்தில் வெளியே வந்தன. வேறு கோட்டு இல்லை. மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு கப்பலேறினார்.

புதிதாக வந்திருந்த கேப்டன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூலையில் இருந்த இரண்டு டிரங்குப் பெட்டிகளைக் காட்டி, தூக்கு என்று சைகை செய்தார். திருமலை பதறிப்போய்க் காகிதங்களை நீட்டினார். கேப்டன் அந்தக் காகிதத்தின் மேலேயே ஒரு நாலணாவை வைத்தார்.

விஷயம் ஆபீசுக்கு எட்டிவிட்டது. மானேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"திங்கட்கிழமை வெள்ளையாக வா. இல்லாவிட்டால் கிடங்குக்கு மாற்றிவிடுகிறேன். அங்கே மூட்டை எண்ண எந்த நிறமும் போதும்."

கிடங்கு என்றால் சம்பளத்தில் பத்து ரூபாய் வெட்டு.  டிராமில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்த திருமலை, வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! காசு கேக்கறது மெஷின் இல்ல, கரண்டு. கரண்டு இல்லாம ஓட்னா எவ்ளோ நேரம் வேணா ஓட்டலாம்!"

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கொல்லரை அழைத்து வந்து, மோட்டாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி போடச் சொன்னார். அதற்கு ஒன்றரை ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கியவர், பகல் சாப்பாட்டுக்குத்தான் நிறுத்தினார். கோட்டில் இருந்த நீலம், பழுப்பு, கரி எல்லாம் போய்விட்டன. துணி பளிச்சென்று வந்தது. திருமலைக்குக் கண்ணில் நீர் தளும்பியது.

திங்கட்கிழமை காலையில் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

மானேஜர் எதிரே வந்தார். திருமலை இடது கையால் சலாம் போட்டார். மானேஜர் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். கையைப் பார்த்து முறைத்தார்.

அன்று சாயங்காலம் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே, "நாளையிலேருந்து நீ சுத்தேன்" என்றார் மனைவியிடம்.

"எங்க அப்பா என்னைக் கட்டிக்குடுத்தது குடும்பம் நடத்த. செக்கிழுக்க இல்ல" என்றாள் ஆவுடையம்மாள்.

கோட்டுக்கு ஆள் வேண்டும். வேலைக்குக் கோட்டு வேண்டும். வேறு வழியில்லாமல் ஆவுடையம்மாளே போய்க் கோவிந்தம்மாவைக் கூட்டி வந்தாள்.

கோவிந்தம்மா மெஷினைச் சுற்றி வந்து பார்த்தாள். "சுத்தறதுதானே? சுத்தறேன். ஒரு நாளைக்கு மூணணா. ஒரு டம்ளர் காப்பி."

உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் சுற்றினாள். ஆவுடையம்மாளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே சுற்றினாள். கோட்டுகள் மல்லிகைப்பூப் போல வந்தன. மானேஜர் சிரித்தார். கரண்டு பில் பழையபடி இரண்டு ரூபாய்க்கு இறங்கியது. ஒரு மாதம் திருமலை நிம்மதியாகத் தூங்கினார்.

மாதம் முடிந்து கூலி கொடுக்கும்போதுதான் உறைத்தது. ஐந்து ரூபாய் பத்தணா. தன் மெஷினில், தன் சவுக்காரத்தில் துவைத்து, தன் வீட்டுக் காப்பியையும் குடித்துவிட்டு, தான் தர மறுத்த நாலரைக்கு மேலேயே அவள் வாங்கிக்கொண்டிருக்கிறாள்!

"கோவிந்தம்மா, மெஷினும் வாணாம் ஒண்ணும் வாணாம். பழையபடி மூட்டையத் தூக்கிகினு போ. நீ கேட்ட நாலரையே தர்றேன்."

"அது அப்போ நைனா. இப்போ அஞ்சு."

"சரி, அஞ்சு. தொலையட்டும்."

கோவிந்தம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டே மெஷினைப் பார்த்தாள். "இத்த இன்னா பண்ணப் போற? எனக்குத் தண்ணி ரொப்பி வெக்க ஆவும். அஞ்சு ரூபாய்க்குக் குட்த்துடு."

"எட்டு!"

"ஏழு. அந்த மோட்டாரையும் சேத்துக் குடு."

தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் எதற்கு என்று திருமலை கேட்கவில்லை. கேட்டால் அவள் மனசு மாறிவிடும் என்று பயந்தார். காசை வாங்கி முடிந்துகொண்டு உள்ளே போய், மெஷின் வந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்தியா ஆவுடை? அவ வூட்ல விளக்குக்கே கரண்டு கெடையாது. அவ தலைல ஓட்டை மோட்டாரையும் சேத்துக் கட்டிட்டேன்!"

மறுநாள் காலையில் கைவண்டிக்காரர் சின்னப்பையன் வந்தார். மெஷினை வண்டியில் ஏற்றினார். இடுப்பிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் கைப்பிடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மோட்டாரை அதன் பழைய இடத்தில் வைத்து நாலு திருகாணியையும் முறுக்கிவிட்டார்.

திருமலை அசந்துபோனார். "இன்னாப்பா, மெஷின் வேலையெல்லாம் கத்து வெச்சிகினு கீறியே!"

சின்னப்பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் தூக்கினார்.

"மெஷின் வேலை இன்னா தெரியும் சார், இந்த ஒரு மெஷின்தான் தெரியும். கோவிந்தம்மா கூலி ஏத்திக் கேட்டு யாராச்சும் முடியாதுன்னா, மறுவாரமே நான் இத்த ஃப்ளோராம்மா வாசல்ல கொண்டாந்து எறக்கணும். உங்க வூட்டோட ஆறு வூடு ஆச்சு."