பயந்த பரம்பரை

எலி விசையை அழுத்தியது. தீனி விழுந்தது. தின்றுவிட்டு மறுபடி அழுத்தியது.

எலி டாக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் டாக்டர் பட்டமே இன்று பேராசிரியர் போடப்போகும் கையெழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு வருட ஆய்வின் சாரம் இவ்வளவுதான்: பயந்த எலிகளின் வாரிசுகள் பயந்தே பிறக்கும், விசையை அழுத்தினால் தீனி வரும் என்பது அவற்றுக்கு லேசில் ஏறாது. தைரியசாலிகளின் வாரிசுகளோ சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இப்போது விசையைப் போட்டு மொத்திக்கொண்டிருந்தது பயந்த பரம்பரை. பேராசிரியர் வர இன்னும் கால்மணி நேரம்தான் இருந்தது.

"அக்கா, கூண்டை மாத்தி வெச்சிட்டீங்களா?"

"நானே நாலு நாள் லீவு முடிஞ்சு இப்பதான் தம்பி உள்ள வர்றேன்," என்றாள் கூண்டு கழுவும் அக்கா.

எலியின் காதில் அடையாளத்துக்குப் போட்ட துளையைப் பார்த்தார். எலி மாறவில்லை. அதை எடுத்துவிட்டு அதன் தம்பியை உள்ளே விட்டார். அது அண்ணனைவிட வேகம். தங்கை இரண்டு காலாலும் அழுத்தியது.

கொஞ்சம் பயமுறுத்தினால் பழைய குணம் திரும்பும் என்று தகரத் தட்டைத் தரையில் போட்டார். பயந்த பரம்பரை அசரவில்லை. பக்கத்துப் பெட்டியில் இருந்த தைரியசாலிதான் மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. எவ்வளவு தாஜா செய்தும் வெளியே வரவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எலி டாக்டர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் இரண்டு பெட்டிகளின் பெயர் அட்டைகளையும் மாற்றிச் செருகினார். செய்யும்போதே வெட்கமாக இருந்தது.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். ஒன்று அழுத்தியது, ஒன்று பதுங்கியது.

"பரவாயில்லையே. எழுதினபடியே இருக்கு."

"ஆமா சார்."

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். அப்போது கூண்டு அக்கா கை நிறையத் தீனியோடு வந்து பெட்டிமுன் நின்றாள்.

"அட்டை மாறியிருக்கே தம்பி, இதுதானே பயந்தது. பாவம், நான் இல்லாம நாலு நாளாப் பட்டினி. நாலு வருசமா தினம் காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி, பயந்ததுங்களுக்கு மட்டும் நான்தானே வயிறு நிறையப் போட்டு வைப்பேன்."