பேசினில் இறங்கிய பனி ராணி

உலகத்துக்குத் தத்துவத்தைக் கொடுத்த ஊர்கள் உண்டு. பீரங்கியைக் கொடுத்த ஊர்களும் உண்டு. ஆனால் பனிக்கட்டியை நிர்வாகம் செய்யும் உயர்ந்த கலையை மனித குலத்துக்கு வழங்கியது, அங்காராவின் குன்றுகளில் தொங்கிக்கொண்டிருக்கும் எங்கள் கெல்டெப்பே நகராட்சிதான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நகராட்சியின் மாத இதழை எழுதுகிறவன் நான் என்பதால், சம்பளத்துக்காகச் சொல்கிறேன்.

மற்ற ஊர்களில் தெரு உறைந்துபோனால் உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பதற்றக்காரர்கள். எங்களிடமும் உப்பு இருக்கிறது. அலுவலக வாசலிலும் மேயர் வீட்டுத் தெருவிலும் அதைக் கொட்டி, அது வேலை செய்கிறதா என்று ஏழு குளிர்காலமாகச் 'சோதனை' செய்து வருகிறோம். முடிவுகள் நம்பிக்கை அளிக்கின்றன.

மற்ற தெருக்களுக்கு அறிவைக் கொடுத்தோம். 'பென்குயின் நடைப் பயிற்சி' என்று பெயர். கால்களை அகட்டி, கைகளை விரித்து, குட்டிக் குட்டி அடியாக நடக்க வேண்டும். கம்பளம் விரித்த, சூடேற்றிய மண்டபத்தில் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தோம். ஒருவர்கூட வழுக்கி விழவில்லை. எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தோம். வெளியே போகும்போது மூன்று பேர் வாசல்படியில் விழுந்தார்கள், ஆனால் அப்போது பயிற்சி முடிந்துவிட்டிருந்தது.

அந்த மண்டபத்துக்கு வராதவர்களில் ஒருவர் பெரிஹான் அக்கா. குன்றின் உச்சியில், நூற்று எழுபத்திரண்டு படிக்கு மேலே அவருடைய வீடு. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரி வண்டி கீழே பெரிய சாலையில் ஏழரை மணிவரை நிற்கும். குளிர்காலத்தில் அது மேலே ஏறாது. ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அக்கா யாரிடமும் திருப்பிச் சொல்லமாட்டார்.

அவரை இத்தனை வருடம் கீழே இறக்கிவிட்டது பக்கத்து வீட்டு துர்சுன் அண்ணன். ஊரெல்லாம் எரிவாயுக் குழாய் வந்தபிறகும் நிலக்கரி அடுப்பை விடாத பிடிவாதக்காரர். விடிந்ததும் அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளி, படிப்படியாகத் தூவிக்கொண்டே இறங்குவார். பின்னாலேயே அக்கா, வழுக்காமலிருக்கச் செருப்பின் மேலேயே தடித்த கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி வருவார். கோப்பு இல்லை, குழு இல்லை. இப்படி ஒரு காட்டுமிராண்டி ஏற்பாடு எங்கள் மூக்குக்குக் கீழேயே நடந்துகொண்டிருந்தது.

இந்த வருடம், எந்த ஊர்க் குன்று பனியில் அதிக வெள்ளையாகத் தெரிகிறது என்று பார்க்கும் 'வெண்குன்று' அழகுப் போட்டி வந்தது. பனிக்கால நலப் பிரிவின் தலைவர் ஃபெவ்சி பே என்னையும் அழைத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் வந்து நின்றார். மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடு. அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"என்னய்யா இது?"

"சாம்பல்ங்க," என்றார் துர்சுன்.

"எதுக்கு?"

"வழுக்காம இருக்க."

"வழுக்குதுன்னு யார் சொன்னா? இந்தப் படிக்கட்டு பத்தி எங்க கோப்புல ஒரு புகார்கூட இல்லையே!"

"நீங்களே ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்."

"நான் எதுக்கு ஏறணும்? வழுக்கி விழுந்துட்டா?"

வாளி பறிமுதல் செய்யப்பட்டது. 'பொது இடத்தைக் கறுப்பாக்கியது' என்று சீட்டு எழுதி, வாளியைச் சாம்பலோடு அலுவலக அலமாரியில் பூட்டினோம். மறுநாள் பனி பெய்து படிக்கட்டு பால்போல ஆனது. அதற்கு மறுநாள் படிகளே தெரியாமல் ஒரே சரிவாக உறைந்து கண்ணாடிபோல ஆனது. அது வியாழக்கிழமை.

நான் போட்டிக்காகப் படம் எடுக்கக் கீழே நின்றிருந்தேன். மேலே பேச்சுக் குரல் கேட்டது.

"அக்கா, வேணாம்க்கா. நான் முதுகுல தூக்கிட்டு வரேன்," என்றார் துர்சுன்.

"உன் இடுப்பே ஒட்டுப்போட்ட இடுப்பு. ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேரவா? அந்தப் பேசினை எடு."

துணி ஊறவைக்கும் நீலப் பிளாஸ்டிக் பேசின். பிள்ளைகள் சறுக்கி விளையாட எடுத்துப் போவார்களே, அதே பேசின். அக்கா அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். துர்சுன் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். நூற்று எழுபத்திரண்டு படியையும் அக்கா ஒன்பது விநாடியில் கடந்தார். வண்டி கிளம்ப இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அவர் எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, நொண்டியபடியே போய் ஏறினார். என் விரல் தானாகவே படத்தை எடுத்துவிட்டிருந்தது.

ஃபெவ்சி பே படத்தைப் பார்த்து மலர்ந்தார். "அடடா! என்ன சந்தோஷம் பாருய்யா அந்த முகத்துல! வாயெல்லாம் சிரிப்பு!"

"ஐயா, அது அலறல்."

"பத்திரிகையில சத்தம் கேக்காது நெவ்சாத். எழுது, 'கெல்டெப்பேயின் பனி ராணி'. ஐம்பத்தெட்டு வயசிலும் பனி விளையாட்டு!"

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். பொய் என் கைக்கு எப்போதுமே சரளமாக வரும்.

மேயர் படித்தார். அடுத்த வியாழக்கிழமை 'பனி விளையாட்டு விழா' என்று அறிவித்தார். அதுவரை வந்த வண்டிகளையெல்லாம் அக்கா அதே பேசினில் இறங்கித்தான் பிடித்தார். பாதை இன்னும் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று முதல் நாள் மாலையே தீயணைப்பு வண்டி வந்து படிகளின் மேல் தண்ணீர் பீய்ச்சியது. பனிக்கட்டியைச் சமாளிக்கத் தெரியாத நகராட்சிகள் உலகில் ஆயிரம் இருக்கும். அதை உற்பத்தி செய்யத் தெரிந்தது எங்களுக்கு மட்டும்தான்.

வியாழன் காலை ஏழு மணிக்கு அக்கா பேசினோடு வாசலுக்கு வந்தார். முதல் படியில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. நகராட்சிக் காவலர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருங்கம்மா. மேயர் கொடி அசைச்சதும்தான் விடணும்."

"எப்ப வருவார்?"

"எட்டு மணின்னு சொன்னாங்க."

"வண்டி ஏழரைக்குப் போயிருமே தம்பி!"

"இன்னொரு வண்டி வராமயா போயிரும்? நாட்டுக்கே நீங்கதானேம்மா இப்ப ராணி!"

துர்சுன் அண்ணன் சட்டைப் பைகளில் சாம்பலை அடைத்துக்கொண்டு வந்திருந்தார். காவலர் பைகளைத் தலைகீழாக உதறச் சொன்னார், அந்தச் சாம்பலையும் அலுவலகத்துக்கே எடுத்துப்போக. படம் எடுக்கக் கீழே நின்றிருந்த நான் ஆஸ்பத்திரி வண்டியிடம் ஓடினேன். வண்டிக்காரர் காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் மேயரின் கார் நிற்க இடம் வேண்டும் என்று அவரைக் கிளப்பிவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த நான்கு நோயாளிகளும் கண்ணாடி வழியாக மேலே பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைப் பதிவதற்கு எங்கள் படிவத்தில் இடம் இல்லை.

மேயர் பத்து மணிக்கு வந்தார். கொடி அசைந்தது, வாத்தியம் முழங்கியது, பேசின் இறங்கியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. மேயர் பதக்கத்தை அக்காவின் கழுத்தில் போட்டு, ஒலிபெருக்கியை நீட்டினார்.

"அக்கா, இந்த வயசுல இவ்ளோ வேகம்! யார் உங்களைத் தூண்டிவிட்டது? ஊருக்குச் சொல்லுங்க!"

"என் ரெண்டு கிட்னி," என்றார் அக்கா. "அது போனதுக்கப்புறம், உங்க ஆபீஸ். நான் விளையாட வரலைய்யா. வண்டி பிடிக்க வந்தேன். அது போயிருச்சு. என் கால் வீங்கியிருக்கு பாருங்க. நான் சாகப்போறேன்னு எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?"

மேயர் பலமாகக் கைதட்டினார். "என்ன நகைச்சுவை உணர்வு!" என்றார். ஊரும் கைதட்டியது.

மத்தியானம் அக்காவுக்கு மூச்சு முட்டியது. துர்சுன் யாருடைய காய்கறி லாரியிலோ ஏற்றிக்கொண்டு போனார். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அக்கா பிழைத்துக்கொண்டார். இதற்கு நகராட்சியைக் குறைசொல்ல முடியாது, அது தன்னால் ஆனதைச் செய்தது.

விழாச் செய்திக்கு நான் வைத்த தலைப்பு, 'உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார் பெரிஹான்'. ஃபெவ்சி பே அந்த வாரம் ஊரில் இல்லாததால் அது அப்படியே அச்சேறிவிட்டது. பதினோரு வருடத்தில் எங்கள் இதழில் வந்த ஒரே உண்மை அதுதான். அடுத்த இதழில் வெளியிட உத்தரவான அறிவிப்பையும் நானேதான் எழுதிக்கொடுத்தேன்:

"சென்ற இதழில் 'உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு' என்று வந்திருந்தது அச்சுப்பிழை. 'உற்சாகத்துடன்' என்று திருத்திப் படிக்கவும்."