பத்து கிராம் அருள்வாக்கு

பெண்கள் கபடியில் இந்தியா தங்கம் வாங்கியது. எங்கே வாங்கியது என்றால் ஆசிய விளையாட்டுப் போட்டியில் என்று பத்திரிகைகள் எழுதும். மேலகரத்தில் விசாரித்துப் பாருங்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், இடது கைப் பக்கம், பழைய கல்யாண மண்டபத்துக்குள் வைத்து வாங்கியதாகச் சொல்வார்கள்.

அங்கேதான் பதக்கச் சித்தர் எழுந்தருளியிருந்தார். அந்தப் பெண்கள் பத்து வருஷமாக விடியுமுன் எழுந்து ஓடினார்கள், மூட்டைத் தேய்த்துக்கொண்டார்கள், பல்லை உடைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். கடைசி ரெய்டில் எதிரணிப் பெண்ணின் கணுக்காலைப் பிடித்து இழுத்தது சித்தரின் செப்புத் தகடு. இதில் மேலகரத்துக்குச் சந்தேகமே இல்லை.

சீசன் முடிந்து அருவியில் தண்ணீர் நூலாக இறங்குகிற மாதம் அது. குற்றாலத்துக் கடைக்காரர்கள் ஈ ஓட்டுகிற காலம். ஆனால் இந்த வருஷம் பஸ் நிறையக் கூட்டம். ராயகிரியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அருவிப் பக்கம் திரும்பவே இல்லை. குளித்தால் உடம்பு அழுக்குதான் போகும். சித்தரிடம் போனால் அறிவு உட்பட எல்லாமே போகும் என்று தெரிந்துதான் வந்தார்களோ என்னவோ.

சித்தரின் முறையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒரு காக்கிக் கவரை ஏந்திக்கொண்டு, மேளத்தோடு தபால் ஆபீசுக்குப் போவார். தன் பெயருக்கே ஸ்பீடு போஸ்ட் செய்வார். உள்ளே முடிவு எழுதிய செப்புத் தகடு இருப்பதாக அறிவிப்பு. இரண்டாவது, கவர் மறுநாள் மண்டபத்துக்கு வந்து சேரும். அதை அம்மன் பாதத்தில் வைத்துப் பூஜை அறையைப் பூட்டுவார்கள். மூன்றாவது, ஆட்டத்தைப் பெரிய திரையில் எல்லோரும் பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் சித்தர் பூஜை அறைக்குள் தனியாகப் போவார். இருபது நிமிஷம் மணி அடிக்கும். பிறகு கவரோடு வெளியே வந்து, எல்லோர் கண் முன்னாலும் கத்தரியால் ஓரத்தை வெட்டுவார். தகடு வெளியே வரும். ஆணியால் கீறிய எழுத்து: ‘இந்தியா 33. எதிரணி 31. தங்கம்.’

மண்டபம் எழுந்து நிற்கும். சிலர் அழுவார்கள். தேசிய கீதம் ஒரு பக்கமும் சாம்பிராணிப் புகை ஒரு பக்கமும் எழும்பும்.

தொடர் ஓட்டத்தில் வெள்ளி. தகடும் வெள்ளி என்றது. வில்வித்தையில் வெண்கலம். தகடும் வெண்கலம் என்றது. தகட்டின் சக்தியால்தான் பதக்கம் வருகிறதென்றால், அந்த இரண்டுக்கும் தங்கம் என்றே கீறியிருக்கலாமே என்று ஒருவராவது கேட்கவேண்டும். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மனு எழுதியே பாதி ஆயுசைக் கழித்தவன் நான். தபால் முத்திரையும் தேதியும் ஒரு காகிதத்தில் விழுந்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை என்று பழகிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் அதே வியாதி. சாமியை நம்பினோமோ இல்லையோ, தபால் ஆபீசை நம்பினோம்.

சித்தருக்கும் அது தெரியும். ஒவ்வொரு கவரின் ரசீதையும் பத்தடி உயரத்துக்கு ஃபிளக்ஸ் அடித்து மண்டப வாசலில் கட்டியிருந்தார். தேதி, நேரம், கவர் நம்பர் எல்லாம் பூசணிக்காய் அளவில். ‘அரசாங்கமே சாட்சி’ என்று மேலே ஒரு வரி. கீழே சித்தர் கையை உயர்த்திக்கொண்டு, கழுத்தில் தேங்காய்ச் சில் அளவு தங்கப் பதக்கத்தோடு நின்றார். எந்தப் போட்டியில் வாங்கினார் என்று ஃபிளக்ஸில் இல்லை.

இதற்குப் பிறகு ஊரில் கணுக்காலே காலியாக இல்லை. போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிறவன், பட்டாளத்துக்குப் போகிறவன், பரீட்சை எழுதுகிறவள், எல்லோர் காலிலும் சித்தரிடம் வாங்கிய ஒரு செப்புத் தகடு. வேல்ராஜ் அதைக் கட்டிக்கொண்டு போலீஸ் செலக்‌ஷனில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடினான். இரண்டாவது சுற்றிலேயே தகடு கணுக்காலைக் கிழித்துவிட்டது. நொண்டிக்கொண்டு கடைசியாக வந்தவனிடம் சித்தர் விசாரித்தாராம். வலது காலில் கட்டினேன் என்றிருக்கிறான். ஆண்கள் இடது காலில் அல்லவா கட்டவேண்டும் என்று வருத்தப்பட்டு, இடது காலுக்கு இன்னொன்று கொடுத்து அனுப்பினார்.

ஒரே ஒரு கால் மட்டும் அடங்கவில்லை. அது முத்துச்செல்வியின் கால்.

முத்துச்செல்விக்குப் பதினேழு வயது. மேலகரத்துக்காரி. நல்ல ரெய்டர். ஏழு பேர் நிற்கிற களத்துக்குள் மூச்சுப் பிடித்துக்கொண்டு போய், மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவாள். இந்திய ஜூனியர் அணிப் பயிற்சி முகாமுக்குச் சென்னையில் தேர்வு என்று கடிதம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட்.

அவள் அம்மா உலகம்மை, குற்றாலத்தில் மெஹர் பானுவின் கடையில் கிராம்பும் ஜாதிபத்திரியும் பொறுக்குகிறவள். எல்லோரையும் போல அவளும் மகளுக்குத் தகடு வாங்கிக் கட்டினாள். மகள் ஒரு நாள் கட்டிக்கொண்டு ஆடினாள். காலைப் பிடிக்க வந்த பெண்ணின் விரலைத் தகடு கிழித்ததும் கழற்றிக் கொண்டுபோய்ச் சித்தரின் முன்னால் வைத்துவிட்டாள். இதைக் கட்டிக்கிட்டு ஆடினா நடுவர் வெளியே அனுப்பிருவாரு சாமி என்று மரியாதையாகத்தான் சொன்னாளாம்.

சித்தர் முகம் கறுத்துவிட்டது. தகடு கட்டாத ஒரு கால் சென்னைக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்தால், தகடு கட்டிய கால்கள் எல்லாம் என்ன நினைக்கும்? தொழிலில் இதையும் யோசிக்கவேண்டும் அல்லவா?

புதன்கிழமை மேளம் கொட்டிற்று. ஒரு கவர் தபாலுக்குப் போயிற்று. அந்தப் பிள்ளை விஷயம் தகட்டில் இறங்கிவிட்டது, போனால் கால் முறியும், முறிந்த பிறகு கவரைத் திறப்பேன் என்று சித்தர் மைக்கில் சொன்னார். ரசீதை உலகம்மையின் கையிலேயே கொடுத்தார். சாமி படத்துக்குக் கீழே வைத்துக்கொள் என்று ஆசியும் கொடுத்தார்.

உலகம்மை மகளின் பையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பட்டாளத்தில் இருக்கிற அப்பா போனில் இரண்டு பக்கமும் பேசிவிட்டு, அம்மா சொல்லுதத கேளு என்று முடித்துக்கொண்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குப் பயப்படாத ஆள். வீட்டுப் பூஜை அறைக்குப் பயந்தார்.

சனிக்கிழமை காலை கடையில் உலகம்மை கிராம்பைப் பொறுக்காமல் அழுதுகொண்டிருந்தாள். மெஹர் பானு என்னவென்று கேட்டாள். உலகம்மை ரசீதை முந்தானையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

மெஹர் பானுவின் புருஷன் துபாயில் இருக்கிறார். கடையை நடத்துவது அவள்தான். சீசன் இல்லாத மாதங்களில் கிராம்பு, மிளகு, ஜாதிக்காய் எல்லாம் பொட்டலம் போட்டு ஊர் ஊராக ஸ்பீடு போஸ்டில் அனுப்புவாள். நாளைக்குப் பத்து ரசீதாவது பார்க்கிறவள். ரசீதில் நாமெல்லாம் தேதியைப் பார்ப்போம். அவள் கண் முதலில் எடைக்குத்தான் போகும்.

“ஏட்டி உலகம்மை, கவருக்குள்ள வைக்குத தகடு என்ன பெருசு இருக்கும்?”

“உள்ளங்கை அகலம் இருக்கும்க்கா. நல்ல கனம்.”

மெஹர் பானு ரசீதில் எடை போட்டிருந்த வரியை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு பேட்டரித் தராசை எடுத்து ஒயர்கூடையில் வைத்துக்கொண்டு, கடையைச் சாத்தினாள்.

அன்றைக்கு மண்டபத்தில் தங்கப் பதக்க வெற்றி விழா. நானும் இருந்தேன். இருக்கிற கூட்டத்தில் நிற்க இடமில்லை. மெஹர் பானுவும் உலகம்மையும் முத்துச்செல்வியும் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அடுத்த தகட்டுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த கடற்கரை என்கிற சீடர், மைக்கைத் தாழ்த்தி, என்ன வேணும் என்று கேட்டார். கபடிக் கவரை ஒரு தடவை நிறுத்துப் பார்க்கவேண்டும் என்றாள் மெஹர் பானு.

கூட்டம் சிரித்தது. யாவாரிக்குச் சாமியும் சரக்குதான் என்றார் ஒருவர். கடைக்காரி தராசு, அதுல அவளுக்குச் சாதகமாத்தான் காட்டும் என்றார் இன்னொருவர். போன வாரம் அவளிடம் மிளகு வாங்கியவர். மெஹர் பானு கோபப்படவில்லை. எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வாங்கி வரச் சொல்லி, அதில் அச்சடித்திருக்கிற எடையை மைக்கில் வாசித்துவிட்டுத் தராசில் வைத்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தது. மிளகு வாங்கியவர் வாயை மூடிக்கொண்டார்.

சித்தருக்குத் தைரியம் அதிகம். மூன்று வாரமாக யாரும் ஒரு கேள்வி கேட்காவிட்டால் எவனுக்கும் அதிகமாகத்தான் செய்யும். காட்சிக்கு வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியிலிருந்து கபடிக் கவரையும் தகட்டையும் அவரே எடுத்துக் கொடுத்தார். மெஹர் பானு இரண்டையும் தராசில் வைத்தாள். நாற்பத்து மூன்று கிராம்.

“இந்தக் கவர் தபாலுக்குப் போனப்ப என்ன எடைன்னு வாசல் ஃபிளக்ஸுல போட்டிருக்கு. யாராவது வாசிங்க.”

எல்லோரும் திரும்பினோம். பூசணிக்காய் எழுத்தில் பத்து கிராம் என்று இருந்தது. மூன்று வாரமாக அது அங்கேதான் இருந்தது. அதற்குக் கீழேதான் நாங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டோம்.

“பத்து கிராமா போன கவரு, நாப்பத்து மூணா வந்திருக்கு. தபால்காரரு வழியில தீனி ஏதும் போட்டாரா சாமி?”

சித்தர் கண்ணை மூடினார். மூடின கண்ணுக்குள் யோசித்தார். பிறகு பழைய தமிழில் பேசினார்.

“மகளே, வெறும் தகட்டுக்குக் கனமில்லை. அருள் எழுத்தாய் இறங்கும்போது, அது பாரம் ஏறும். வாக்குக்கு எடை உண்டு.”

கூட்டம் பெருமூச்சு விட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற ரிட்டயர்டு வாத்தியார் சிவனணைந்தபெருமாள், சரியாத்தான சொல்லுதாரு என்று தலையை ஆட்டினார். முப்பது வருஷம் பௌதிகம் நடத்தினவர்.

மெஹர் பானுவும் தலையை ஆட்டினாள். அப்ப வாக்கு இறங்கின கவர் எல்லாமே கனக்கும், அப்படித்தானே என்று கேட்டாள். எல்லாமே கனக்கும் என்றார் சித்தர். மைக்கில் சொன்னார்.

“இந்தப் பிள்ளைக்கு வாக்கு இறங்கியாச்சா?”

“புதன்கிழமையே இறங்கியாயிற்று. கால் முறியும்.”

“அப்ப அந்தக் கவரையும் வைங்க. திறக்கவேண்டாம். அப்படியே வைங்க.”

அப்போதுதான் சித்தருக்குப் புரிந்தது. திறக்காத கவரை அசைத்தால் தெய்வக் குற்றம் என்றார். கடற்கரை மைக் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். அவர் அனுபவஸ்தர். ஆனால் கூட்டத்துக்கு ஆவல் வந்துவிட்டது. பின்னாலிருந்து பத்துக் குரல், வைக்கச் சொல்லுங்க என்றது. வேல்ராஜ் நொண்டிக்கொண்டே மேடைக்கு ஏறி, விழாவுக்காகத் திறந்திருந்த பூஜை அறைக்குள் அம்மன் பாதத்திலிருந்த கவரை எடுத்துவந்து தராசில் வைத்தான்.

பத்து கிராம்.

தராசு பத்திலேயே நின்றது. அருள் ஏறுவதற்காக ஒரு நிமிஷம் காத்திருந்தும் பார்த்தோம்.

உலகம்மை கையை நீட்டிக் கவரை எடுத்தாள். சித்தர் பழைய தமிழை விட்டுவிட்டார்.

“ஏட்டி, திறக்காத. ஒம் மக காலு போயிரும்.”

“எம் மக காலு. நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் உலகம்மை. கவர் வாயில் நகத்தை வைத்தாள்.

கத்தரி வேண்டியிருக்கவில்லை. ஒரு நெம்பலில் கவர் வாய் திறந்துகொண்டது. காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று உதிர்ந்து தராசில் விழுந்தது. பசை இல்லை. ஒரே ஒரு பருக்கை ஒட்டலில் தபால் ஆபீஸ் போய்வந்திருக்கிறது. முடிவு தெரிந்ததும் மணிச் சத்தத்துக்குள் ஆணியால் தகட்டைக் கீறி, உள்ளே வைத்து, அதன்பிறகு நல்ல பசையாகத் தடவினால் சரி. இருபது நிமிஷம் தாராளம்.

உள்ளே தகடு இல்லை. கவர் தட்டையாக இருந்தால் சந்தேகம் வருமென்று ஒரு பழைய நோட்டீசை மடித்து வைத்திருந்தார். உலகம்மைக்கு அவ்வளவாக வாசிக்க வராது. முத்துச்செல்வி வாங்கி வாசித்தாள். ‘செல்லச்சாமியின் சஞ்சீவித் தைலம். மூட்டு வலி, சுளுக்கு, எலும்பு முறிவுக்கு. குற்றாலம் பஸ் ஸ்டாண்டு எதிரில்.’ போட்டோவில் சித்தர் தாடியில்லாமல், கோடு போட்ட சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

“காலு முறியும்னு எழுதலம்மா” என்றாள் முத்துச்செல்வி. “முறிஞ்சா தடவத்தான் எழுதியிருக்காரு.”

மண்டபமே சிரித்தது. உலகம்மை சிரிக்கவில்லை. மணி என்ன என்று கேட்டாள். நாலு இருபது என்றேன். முந்தானையில் முடிந்திருந்த பெட்டிச் சாவியை மகளிடம் கொடுத்து, ஓடு என்றாள். முத்துச்செல்வி அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் மேலும் படாமல் வெளியே போன அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அது ரெய்டு.

பொதிகை அவளையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனது. அதற்குள் சித்தர் மௌன விரதம் ஆரம்பித்திருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் வைத்து அதை முடித்துக்கொண்டார். என் பங்குக்கு நானும் ஒரு புகார் மனு அனுப்பினேன். இணைப்புகள் நான்கு. எடை இருபத்திரண்டு கிராம். இப்போதெல்லாம் ரசீதில் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

முத்துச்செல்வி தேர்வானாளா என்று கேட்பீர்கள். முகாம் பட்டியலில் பதினேழாவது பெயர் அவளுடையது. கால் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை மிளகு வாங்கப் போனேன். மெஹர் பானுவின் கடை வாசலில் பத்துப் பேர். யாரும் எதுவும் வாங்குகிறவர்களாகத் தெரியவில்லை. ரிட்டயர்டு பௌதிக வாத்தியார் வரிசையில் முதலாவதாக நின்றார், பேரனின் ஹால் டிக்கெட்டை ஒரு தடவை அந்தத் தராசில் வைத்து எடுக்க. தராசுத் தட்டில் அதிகாலையிலேயே யாரோ சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மெஹர் பானு பூவை எடுத்து ஓரமாக வைத்தாள். ஈரத் துணியால் தட்டை அழுத்தித் துடைத்தாள்.

“இதோட எடை போட்டா ரெண்டு கிராம் பொய் சொல்லும், அண்ணாச்சி” என்றாள்.

தராசைத் துடைக்க அவளுக்கு அரை நிமிஷம் ஆயிற்று. நம் தலைக்குள் அப்பியிருப்பதை நாம்தான் துடைக்கவேண்டும். அதற்கு ஒரு துணியைத் தேடத் தொடங்குங்கள்.