கட்டுச்சோற்றுக்கு நான் கொண்டுவந்த ஊறுகாய்

தொண்டாமுத்தூர்
14-6-96

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி கதிர்வேல் அவர்களுக்கு, லட்சுமணசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு மழை இல்லை, மற்றபடி நலம். அங்கு தங்கள் நலம் எப்படி என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். தங்கள் வயிறு இப்போது எப்படி இருக்கிறது?

பத்தொன்பது நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், கிழிக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. மில்லில் முப்பத்தோரு வருஷம் டைம் ஆபீஸில் இருந்தேன். அடுத்தவன் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதினதைத் தவிர இந்தக் கையால் ஒரு வேலை செய்ததில்லை. ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்ததும் வீட்டுக்காரி நஞ்சம்மாள் காலையில் கூட்டும்போது, "காலைத் தூக்குங்க" என்பாள், தூக்குவேன். "இந்தப் பக்கம் நவுருங்க" என்பாள், நவுருவேன். அவ்வளவுதான் என் உத்தியோகம். அந்த நேரம் பார்த்து ஒரு வார இதழில், வீட்டுக்கு வேண்டியதை நாமே செய்துகொள்ளலாம், தச்சு வேலையும் ஊறுகாய் போடுவதும் யாருக்கும் ஒரு மாதத்தில் கைவரும் என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். நம் சாந்தாமணிக்கு ஏழாம் மாதம் கட்டுச்சோறு வருகிறதே, பிள்ளையை அழைத்துவரப் போகும்போது ஏழு வகைச் சோற்றோடு அவள் அப்பன் கையால் போட்ட ஊறுகாயும், சம்பந்திக்கு மரியாதையாக ஒரு ஸ்டூலும் கொண்டுபோனால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம்.

ஸ்டூலுக்கு மரம், காற்றில் ஒடிந்து விழுந்த வேப்பங்கிளை. வெட்டி நாலு நாள்கூட ஆகவில்லை. பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், பொருத்தெல்லாம் விட்டுப்போகும் என்று அந்தக் கட்டுரையில் போட்டிருந்ததாம். அது அடுத்த பக்கத்தில் இருந்தது, அந்தப் பக்கத்தில் நஞ்சம்மாள் கடலைப்பருப்பைக் கொட்டிவைத்திருந்தாள். செய்த அன்றைக்கு ஸ்டூல் கல்லு மாதிரி நின்றது. பக்கத்துத் தோட்டத்துக் கண்ணையா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆசாரி தோத்தாரு போங்க!" என்றார். ஆனால் உட்காரச் சொன்னால், "இருக்கட்டுங்க, நானு நின்னுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டார். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊறுகாய் கதை இதைவிடக் கேவலம். எலுமிச்சங்காய், நூறு. எனக்கு பிரஷர் இருக்கிறதென்று டாக்டர் உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருந்தார். சரி, வயசானவங்க சாப்பிடுவதுதானே என்று ஊறுகாயிலும் உப்பைப் பாதியாகக் குறைத்துப் போட்டேன். ஜாடிக்குள் உப்புக்கு என்ன வேலை என்று யாருங்க எனக்குச் சொன்னா? மூணாம் வாரம் துணியை அவிழ்த்தால் புசுபுசுவென்று நுரை. பக்குவம் வருகிறது என்று நினைத்தேன். கண்ணையாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். "வாசமுங்க! இந்த வாசத்துக்கு மலையிலிருந்து யானைகூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்காதுங்க" என்றார். அதையும் பாராட்டாகவே வாங்கிக்கொண்டேன். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பொருள் நன்றாக இல்லை என்று சொல்ல வாயே வராதுங்களே. ஒருத்தர், ஒரே ஒருத்தர், கெட்டுப்போச்சு என்று சொல்லியிருந்தால் நான் கொண்டுவந்திருப்பேனா?

அன்றைக்கு நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நான் பார்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். வேனிலிருந்து இறங்கியதும் எல்லோர் முன்னாலும் ஸ்டூலைப் போட்டு, "உக்காருங்க சம்பந்தி" என்றேன். தாங்கள் உட்கார்ந்தீர்கள். கிறீச் என்றது. நான் கேட்டேன், தாங்களும் கேட்டீர்கள். "சௌரியமா இருக்குதுங்களா?" என்றேன். "ரொம்ப சௌரியமா இருக்குதுங்க" என்றீர்கள். ஆனால் தங்கள் தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கியதை நான் கவனிக்காமல் இல்லை. பாரத்தையெல்லாம் காலில் வாங்கிக்கொண்டு, உட்காராமல் உட்கார்ந்து, கையில் தட்டோடு முக்கால் மணி நேரம்! அறுபத்திரண்டு வயசில்! அந்த நிலைமையில் ஊறுகாயை மூன்று தரம் கேட்டு வாங்கினீர்களே, ஐயோ, எதுக்குங்க சம்பந்தி? "நீங்க போட்டதுங்களா? இன்னொரு துண்டு வையுங்க" என்றீர்கள். நானும் வைத்தேன். பிறகு தாங்கள் கொல்லைப்பக்கம் ஓடியதும், எழுந்த வேகத்தில் ஸ்டூலின் நாலு கால்களும் நாலு பக்கம் படுத்துக்கொண்டதும், அந்த ஓட்டத்திலும் திரும்பி நின்று, "எனக்குத்தானுங்க எடை ஜாஸ்தி" என்று தாங்கள் சொன்னதும், செத்தாலும் எனக்கு மறக்காது.

மூன்று மணிக்குள் பெண்ணை அனுப்ப நேரம் குறித்திருந்தது. வீட்டுப் பெரியவர் கொல்லையில் இருக்கும்போது யார் திருநீறு பூசி அனுப்புவது? நாலேமுக்காலுக்கு மாப்பிள்ளை கைத்தாங்கலாகத் தங்களைக் கூட்டிவந்தார். அதற்குள் ராகு காலம் வந்துவிட்டது, அப்புறம் பொழுது இறங்கிவிட்டது. வேனில் சோறு கொண்டுபோன காலித் தூக்குப்போசிகள்தான் திரும்பி வந்தன. நஞ்சம்மாள் இன்றுவரை என்னோடு பேசவில்லை; சோற்றைப் போட்டுவிட்டு, "சாப்பிடச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்.

அதற்குப் பிறகு, "பிரசவத்தை இங்கேயே பாத்துக்கலாமுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று தாங்கள் சொல்லியனுப்பினீர்கள். அந்த மரியாதைக்குள் என்ன இருக்கிறதென்று புரியாதவன் இல்லை நான். சம்பந்தியம்மா சாந்தாமணியைக் கூப்பிட்டு, "எல்லாரும் தொட்டாங்க, நீ மட்டும் அந்த ஊறுகாயத் தொடலியே, அது கெட்டுப்போனது உனக்கு முன்னாடியே தெரியுமா அம்மணி?" என்று கேட்டதாகவும், அவள் "தெரியாதுங்க அத்தை" என்று அழுததாகவும் மாப்பிள்ளை சொன்னார். அது முழுகாமல் இருக்கிற பிள்ளை, அதற்குப் புளிப்பு பிடிக்காது, அதனால்தான் தொடவில்லை. வேறு ஒன்றும் இல்லை. முதல் பிரசவத்துக்குப் பெற்றவள் வீட்டுக்கு வராமல் ஒரு பெண் இருந்தால் நஞ்சம்மாள் தாங்க மாட்டாள். வரும் புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. தயவுசெய்து அனுப்பிவையுங்கள். தச்சுச் சாமானையெல்லாம் கண்ணையாவுக்கே கொடுத்துவிட்டேன், ஜாடியைக் குழி வெட்டிப் புதைத்தாயிற்று.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். தாங்கள் திட ஆகாரம் எடுத்துக்கொள்ளும் நாளை எதிர்பார்த்து மாசாணியம்மனுக்கு வேண்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
லட்சுமணசாமி

பி.கு.: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஒன்று பொய். அந்த ஒன்று பொய்யானதால் மற்றதும் பிரயோஜனம் இல்லை. கட்டுச்சோற்றுக்குப் பத்து நாள் முன்னால் சாந்தாமணியைப் பார்க்க வந்தேனே, அன்றைக்கு ஒரு டப்பாவில் ஊறுகாய் கொண்டுவந்திருந்தேன். நாக்கில் வைத்ததுமே, "அப்பா, கெட்டுப்போச்சுங்கப்பா, வேண்டாமுங்கப்பா, இதைக் கொண்டுவராதீங்க" என்று சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு என்ன தெரியும்? யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குத் தாங்கள் மூன்றாவது துண்டு கேட்டபோது அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். மாமனார் வாயில் போவதைப் பார்த்துக்கொண்டே என் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டு நின்றது அந்தப் பிள்ளை. அத்தையிடம் பொய் சொன்னதும் எனக்காகத்தான். புதன்கிழமை அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி, சம்பந்தியம்மாவுக்கு இதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சாந்தாமணி மேல் தப்பில்லை.