செக்குபந்தியின் மெத்தை

திசை தெரியாமல் ஒரு வாய் சோறுகூட இறங்காத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் எனக்குப் பக்கத்து அறையில்தான் குடியிருந்தார்.

நாமக்கல் மலையடிவாரம். இரண்டாம் உலகச் சண்டை வருவதற்கு முந்தைய வருஷங்கள். அவருக்குப் பத்திரம் எழுதுகிற தொழில். ஒரு நிலத்துக்குக் கிழக்கே யார் காடு, மேற்கே எந்த வண்டித்தடம் என்று நான்கு எல்லையையும் சொல்லி எழுதுவதற்குச் செக்குபந்தி என்று பெயர். எழுதி எழுதி அது அவர் கையிலிருந்து வாய்க்கு ஏறி, கடைசியில் அவருக்கே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டிருந்தால் நான்கு எல்லையோடு சொல்லியிருப்பார்; பொழுது போயிருக்கும்.

காப்பி கிளப்பில் உட்கார்ந்தால், "வடக்கால சட்னி, தெக்கால சாம்பாரு, இதுக்குட்பட்ட எடத்துல இட்லி ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணு போடு சாமி" என்பார். ஒருமுறை வயிற்றுவலி என்று வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "தொப்புளுக்கு வடக்குங்க, வலது விலாவுக்குத் தெக்குங்க" என்று ஆரம்பித்தார். வைத்தியர் திரும்பிப் படுக்கச் சொன்னதும், "அப்படிப் படுத்தா எல்லை மாறிப்போகுமுங்களே" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். வைத்தியர் எனக்கும் சேர்த்துக் கஷாயம் கொடுத்தார். கூட்டிக்கொண்டு வந்த குற்றத்துக்காக.

எனக்கு ரிஜிஸ்தர் ஆபீஸில் நகல் எழுதுகிற வேலை. நான் எழுதிய நகலை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது. இப்படிப்பட்ட கையெழுத்துக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஆகவே நான் தனி ஆள். அவர் கல்யாணமான தனி ஆள். அந்த வித்தியாசத்தை அவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவர் சம்சாரம் திருச்செங்கோட்டுப் பக்கம். கல்யாணத்துக்கு மாமனார் தன் காட்டு இலவம்பஞ்சை அடைத்து, இரண்டு பேர் தாராளமாகப் படுக்கிற மெத்தை தைத்து வண்டியில் ஏற்றி அனுப்பினாராம். மெத்தை கொடுத்தவர் கட்டில் கொடுக்க மறந்துவிட்டார். தரையில் விரித்துப் படுத்தார்கள். ஒருநாள் காலையில் மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு கருந்தேள் புறப்பட்டு, அந்த அம்மாளின் பாதத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கி, அவசரமில்லாமல் போயிருக்கிறது. தேள் கொட்டவில்லை. அந்த அம்மாள் கத்தவும் இல்லை. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, "கட்டல் போட்டுட்டுச் சொல்லியுடுங்க, வாரேன்" என்று பிறந்த வீட்டுக்குப் போனவர்தான். நான் குடிவருவதற்கு முன்னால் நடந்தது இது. கேட்டுக் கேட்டு அந்தத் தேளை நானே நேரில் பார்த்தவன் போல ஆகிவிட்டேன்.

அன்றிலிருந்து அவர் மெத்தையின் கிழக்குப் பாதியில் மட்டும் படுப்பார். மேற்குப் பாதியில் தூக்கத்தில்கூடக் கை விழாது. ஒரு மார்கழியில் எனக்குக் குளிர் ஜுரம் வந்தது. வெறுந்தரை முதுகைக் கடித்தது.

"அண்ணா, அந்தப் பாதி சும்மாத்தான கெடக்குது? இன்னிக்கி மட்டும் நான் படுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

"அது அவ பாகம் சாமி. எனக்கே அதுல அனுபோகம் கெடையாது. உனக்கு எப்படி உடறது?" என்றார்.

பிறகு தன்னிடமிருந்த போர்வைகளையெல்லாம் என் அறைக்குச் சுமந்து வந்து என் மேல் போட்டுவிட்டு, தாம் வேட்டியைப் போர்த்திக்கொண்டு தம்முடைய பாதியில் போய்ச் சுருண்டுகொண்டார்.

கட்டில் செய்யத் தச்சர்கள் வராமலில்லை. வேப்பமரம் கொண்டுவந்தவரை, "கசப்பு மரம், அவளுக்கு ஆகாது" என்று அனுப்பினார். பூவரசு கொண்டுவந்தவரை, கிழக்கே தொடங்காமல் தெற்கே தொடங்கி அளந்தார் என்று அனுப்பினார். நாளடைவில் நாமக்கல் தச்சர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது உளியை மடியில் மறைத்துக்கொண்டு போனார்கள். மனிதர் கஞ்சன் என்று தெரு முடிவுகட்டியது. தெரு சொல்வதற்கு ஒரு படி முன்னால் நான் சொல்லிவிடுவேன். அது என் சுபாவம்.

கடைசியில் நானே சேந்தமங்கலத்திலிருந்து ஓர் ஆசாரியைப் பிடித்து வந்தேன். கிழக்கில் தொடங்கி அளக்கும்படி வழியிலேயே சொல்லிவைத்திருந்தேன். அவரும் அப்படியே முழக்கோலை வைத்தார். மறுபக்கம் போய் வைத்தார். திரும்பவும் கிழக்கே வந்து வைத்தார். தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க, இது ஒரே மெத்தைங்களா, ரெண்டுங்களா?"

"ஒண்ணுதான். ஏன்?" என்றேன்.

"கெழக்கோரம் அமுங்கித் தட்டையாகி நீண்டு கெடக்குது. மேக்கோரம் தச்ச அன்னிக்கி இருந்தாப்பல பொடைச்சுட்டு, நாலு வெரக்கடை குட்டையா நிக்குது. நான் எந்த ஓரத்துக்குங்க சட்டம் அறுக்கறது?"

செக்குபந்தியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. கோர்ட்டில் வாய்தா வாங்கியவர் போல நிமிர்ந்தார்.

"பாத்தியா சாமி, அளவே நிக்கல. இவரைத் தப்புச் சொல்லப்படாது. இன்னுங் கொஞ்ச நாள் போகட்டும்."

"நீங்க கொஞ்ச நாளைக்கி மேக்குப் பாதில படுங்கண்ணா, ரெண்டும் சமமாயிரும்" என்றேன்.

அடுத்தவன் காட்டு எல்லைக்கல்லைப் பிடுங்கி நடச் சொன்னவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

ஆசாரி முழக்கோலைக் கீழே வைத்தார். "அதெல்லாம் வேண்டாமுங்க. நீள ஓரத்துக்கே சட்டம் போட்டர்றேன். அம்மா வந்து படுத்தா அந்தப் பக்கமும் தானா எறங்கிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனார்.

செக்குபந்தி முழக்கோலை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"இப்ப ஆராச்சும் கேட்டா, கட்டல் இல்ல, அதனால அவ வரலைன்னு சொல்லிப்போடறேன் சாமி. கட்டல் போட்டும் அவ வரலைன்னா, அப்பறம் நான் என்னன்னு சொல்றது?"

என் வாயில் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்று உள்ளே துழாவிப் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை.

"போட்டுக் கூப்பிட்டாத்தானுங்கண்ணா தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

வாகை மரத்தில் கட்டில் ஆயிற்று. கிழக்கோரம் சட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்தது. மேற்கோரத்தில் கால்மாட்டில் நாலு விரல் சந்து விழுந்தது. செக்குபந்தி சட்டையை மாட்டிக்கொண்டு, திருச்செங்கோட்டு பஸ் ஏறினார். சொல்லியனுப்ப ஆள் வைத்துக்கொள்ளவில்லை; பதிலைத் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் பஸ் நிற்கிற இடத்துக்குச் சும்மா போய் வந்தேன். காப்பி கிளப்பில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் எது வடக்கு என்று தெரியவில்லை. இட்லி பாதி மிஞ்சியது.

பிறகு ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு பேராக வந்து இறங்கினார்கள். சின்ன உருவம் அந்த அம்மாளுக்கு. அறைக்குள் நுழைந்ததும் முதலில் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். கால் நான்கையும் தட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மேலே பார்த்தார்.

"இதென்னங்க, இந்தப் பக்கம் மட்டும் மேடா நிக்குது?"

"அது உன்ற பாகம்" என்றார் செக்குபந்தி.

"இத்தன நாளும் ஒருக்காக்கூட இந்தப் பக்கம் பொரளலீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். எந்தத் திசைச் சுவர் என்று சொல்லவில்லை.

அந்த அம்மாள் மேட்டின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். மெத்தை புஸ்ஸென்று கொஞ்சம் இறங்கியது. "சொல்லியுடுவீங்க, சொல்லியுடுவீங்கன்னு நானுந்தான் அங்க பாத்துட்டே இருந்தேன்" என்றார்.

நான் அங்கே நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள் விட்டுவிட்டுக் கேட்டன. வழக்கமாக அந்த நேரத்துக்கு ஒற்றைக் குரல்தான் கேட்கும். அது என்னோடு பேசிக்கொண்டிருக்கும்.

பாயை விரித்தேன். ஒருவர் படுப்பதற்கே போதாத பாய். இருந்தாலும் கிழக்கோரமாக ஒதுங்கிப் படுத்துக்கொண்டேன்.