உப்புக்கு எதுக்குக் கதவு?

தொட்டிலுக்கு நேர் மேலே வானம் தெரிந்தது.

பச்சமுத்து அண்ணாந்து பார்த்தபடி நின்றான். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், கூரையின் வடக்குச் சரிவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குக் கீற்றைக் காணோம். இரவு அடித்த புயல் எடுத்துக்கொண்டு போயிருந்தது. குழந்தை எப்போது வரும் என்று தெரியாமலேயே, இரண்டு நாள் முன்புதான் தன் கல்யாண வேட்டியைத் தொட்டிலாகக் கட்டியிருந்தான். அது இப்போது மழைத் தண்ணீரைப் பிடித்துக் கனத்து, உள்ளே யாரோ உறங்குவது போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

வாடைக் காற்று ஓட்டை வழியாக இறங்கி அவன் முதுகைத் தொட்டது. அவன் அசையவில்லை. எதுவும் செய்யத் தோன்றாதபோது அசையாமல் நிற்பது அவன் வழக்கம்.

"ஏம்பா பச்சமுத்து! உன் மாமனார் லைன்ல இருக்காருப்பா, ஓடியா!"

ரோட்டோரப் பெட்டிக்கடையிலிருந்து சின்னப்பாப்பா கூவினாள். உப்பளத் தெருவில் அவள் கடையில் மட்டும்தான் போன் இருந்தது. ஊரில் பாதிப் பேரின் குடும்ப விஷயம் அவளுக்குத் தெரியும். மீதிப் பேருக்குப் போன் வருவதில்லை.

பச்சமுத்து ஓடினான்.

அவன் மனைவி சரஸ்வதி பிரசவத்துக்காகக் கூனிமேட்டுக்குத் தாய் வீடு போனவள். பெண் பிறந்து ஐந்தாம் மாதம் நடக்கிறது. மூன்றாம் மாதமே குழந்தையைக் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். மாமனார் முருகையன்தான் விடவில்லை. "முதல்ல உன் கூரையப் பாரு மாப்ள, அப்புறம் பொண்ணப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அவருடையது ஓட்டு வீடு. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று, வந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். முருகையன் மட்டும் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தார்.

"மாமா" என்றான் பச்சமுத்து, போனில்.

"மத்தியானம் கொழந்தையக் கூட்டிக்கினு வர்றோம்."

"இன்னைக்கா? மழை..."

"நாள் நல்லா இருக்குது." போனில் இரைச்சல் எழுந்து அடங்கியது. "கூரை எப்படி இருக்குது?"

பச்சமுத்து மழையைப் பார்த்தான். கூரை இல்லை என்று சொன்னால் குழந்தை வருவது தை மாதத்துக்குத் தள்ளிப்போய்விடும். தையில் மாமனாருக்கு வேறொரு காரணம் கிடைக்கும். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு தரம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளி போல மடியில் வாங்கிக் கொடுத்தது; அவ்வளவுதான் அவன் மகளை அறிந்திருந்தான்.

"நல்லா இருக்குது மாமா."

"ஒழுகலியே?"

"ஒரு சொட்டு இல்ல."

மறுமுனையில் முருகையன் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். நம்பவில்லை என்று பச்சமுத்துவுக்குப் புரிந்தது. போன் வைக்கப்பட்டது.

"ஒரு சொட்டு இல்லியா?" என்றாள் சின்னப்பாப்பா. "மொத்தமா ஊத்துதுன்னு சொல்றியா?"

அவன் கூரை கட்டும் கலியபெருமாளைத் தேடிப் போனான்.

கலியபெருமாள் வீட்டில் இல்லை. உப்பளத்தில், மலை போலக் குவித்திருந்த உப்பு அம்பாரத்தின் உச்சியில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் அம்பாரங்களை ஓலை போட்டு மூடி வைப்பார்கள். புயல் அந்த ஓலைகளையும் பிய்த்திருந்தது. கரையில் முதலாளி ஒருவர் குடைக்குள் நின்று, தன் சொந்தப் பிள்ளை கிணற்றில் விழுந்தது போல அம்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! வீட்டுக் கூரை போயிடுச்சு! மத்தியானத்துக்குள்ள ஆவணும்!" பச்சமுத்து கீழிருந்து கத்தினான்.

"ஆவாது தம்பி! மொதல்ல உப்பு, அப்புறந்தான் மனுசன்!"

"கைக்கொழந்தை வருதுண்ணே!"

கலியபெருமாள் ஓலையைச் செருகிக்கொண்டே சொன்னார்: "கொழந்தை நனைஞ்சா தொடைச்சு எடுத்துக்கலாம். உப்பு நனைஞ்சா எதத் தொடைப்ப?"

குடைக்குள் இருந்த முதலாளி தலையாட்டினார். பச்சமுத்துவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஏழு மாதம் வெயிலில் நின்று வாரிய உப்பில் அவன் வாரியதும் இருந்தது. அதனால்தான் இன்னும் துக்கமாக இருந்தது.

திரும்பி வந்தபோது சின்னப்பாப்பா ஒரு நீலத் தார்ப்பாயோடு நின்றாள். "போன வருசம் சுனாமி அலை வந்தப்ப நிவாரணமாக் குடுத்தது. கடைக்குள்ள மடிச்சு வச்சிருந்தேன். கட்டு. ஆனா கிழிக்காதே."

இருவரும் சேர்ந்து கட்டினார்கள். பச்சமுத்து மூலைக்கு மூன்று முடிச்சுப் போட்டான். அவன் வேலையில் என்றைக்கும் குறை வைத்தவன் இல்லை. நான்கு மூலையையும் கூரை மூங்கிலோடு இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினான். ஓட்டை மறைந்தது. நீல வெளிச்சம் வீட்டுக்குள் பரவியது. அவன் தொட்டில் தண்ணீரைப் பிழிந்துகொண்டிருந்தபோது ஒரு காற்று வந்தது.

தார்ப்பாய் ஒரு தரம் மூச்சு வாங்கி உப்பியது. முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. அதனால், முடிச்சுப் போட்ட மூங்கிலையும், மூங்கிலில் கட்டியிருந்த தெற்குச் சரிவின் கீற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச தூரம் தாழ்வாக, அப்புறம் பனைமரங்களுக்கு மேலே, ஒரு நீலக் கூரையாகவே பறந்து போயிற்று.

இப்போது தொட்டிலுக்கு மேலே மட்டுமில்லை, அடுப்புக்கு மேலேயும் வானம்.

சின்னப்பாப்பா நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "கூனிமேட்டுப் பக்கமா போவுது. மாமனாருக்கு நீ சொல்ல வேணாம், அதுவே சொல்லிடும்."

பச்சமுத்து சுவரோரம் குந்தினான். நான்கு மண்சுவர், ஒரு கதவு, நடுவில் மழை. கதவைச் சாத்தி வைத்திருப்பது வேடிக்கையாக இருந்தது. எழுந்து போய்த் திறக்கவும் மனம் வரவில்லை.

"இங்க கூரை வேணும்னு சொன்னது யாரு?"

வாசலில் மாயவன் நின்றார். அறுபது வயதிருக்கும். வேறொரு முதலாளியின் அம்பாரங்களை மூடுகிறவர். சாவு வீட்டிலிருந்து வருகிறவர் போல முகம்.

"உங்க அம்பாரத்துல வேலை இல்லியா?" என்றான் பச்சமுத்து.

"அம்பாரமே இல்ல." மாயவன் துண்டைப் பிழிந்தார். "என் கூரைமேல குத்தமில்ல தம்பி. மேல ஒரு பொட்டு எறங்கல. ஏரித்தண்ணி அடியில வந்துடுச்சு. உப்பு சத்தமில்லாமக் கரைஞ்சு போச்சு. காலையில போய்ப் பாக்குறேன், போட்ட கூரை போட்ட மாதிரியே தரையில உக்காந்துக்கினு இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. மழை பெய்தது.

"அந்தக் கூரை சும்மாதான் கெடக்குது" என்றார் மாயவன், குரலைத் தாழ்த்தி. "மொதலாளி எடுத்துக்கச் சொல்லிட்டாரு. அதப் பாத்தாலே அழுவுறாரு."

அவரும் இரண்டு ஆட்களும் அந்தக் கூரையைப் பாளம் பாளமாகத் தூக்கி வந்தார்கள். பனையோலை, மூன்று அடுக்கு, தேங்காய் நார் திரித்த கொச்சக் கயிற்றுத் தையல். மாயவன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கண்ணாலேயே அளந்தார். "இதுவரைக்கும் வீட்டுக்குப் போட்டதில்ல" என்றார். "ஆனா கூரை கூரைதானே?"

"கூரை கூரைதாண்ணே" என்றான் பச்சமுத்து, நன்றியோடு.

"நீ உள்ள போய், மிஞ்சி நிக்கிற மோட்டு மூங்கிலக் கம்பால முட்டுக் குடுத்துப் புடி. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

பச்சமுத்து உள்ளே போய்க் கம்பைப் பிடித்தான். தலைக்கு மேலே ஓலை விழுந்தது, இன்னொன்று விழுந்தது. வானம் சிறுத்துச் சிறுத்து ஒரு காசளவாகி மறைந்தது. மழைச் சத்தம் தூரத்துக்குப் போயிற்று. பிறகு சன்னல் இருண்டது. அதன் பிறகு கதவிடுக்கு இருண்டது. வெளியே சேற்றை வாரி அடிக்கும் சத்தம் வீட்டைச் சுற்றி வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

அவன் இருட்டில் கம்பைப் பிடித்தபடி நின்றான். ஒரு சொட்டு இல்லை. காற்று இல்லை. குளிரும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படியொரு அமைதியை அவன் அந்த வீட்டில் அறிந்ததில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"விட்டுடு தம்பி, முடிஞ்சுது! வெளிய வந்து பாரு!" மாயவனின் குரல் எங்கோ கேட்டது.

பச்சமுத்து கதவைத் திறந்தான். கதவுக்கு வெளியே ஓலை இருந்தது. தள்ளிப் பார்த்தான். அது மாயவன் போட்ட கூரை, அசையவில்லை.

"அண்ணே! வாசல் எங்கண்ணே?"

வெளியே மாயவன் ஓலையைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எந்த வாசல்?"

"வீட்டு வாசல்!"

மாயவன் யோசித்தார். மூன்று பேர் கலந்து பேசும் முணுமுணுப்பு கேட்டது. கூரை உச்சியிலிருந்து தரைவரை இறங்கி, நாலு பக்கமும் சேற்றால் அணைக்கப்பட்டு, வீடு அச்சாக ஓர் உப்பு அம்பாரமாகிவிட்டிருந்தது.

"உப்புக்கு எதுக்குக் கதவு?" என்றார் மாயவன் கடைசியில். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, உண்மையாகவே வருந்தி.

"நான் உப்பு இல்லண்ணே!"

"அது இப்பதான் ஞாபகம் வருது."

சின்னப்பாப்பாவின் சிரிப்பு ரோடுவரை கேட்டது. "ஏம்பா பச்சமுத்து, உனக்கு இனிமே போன் வந்தா எப்படிப்பா கூப்பிடறது?"

ஓட்டை போட மாயவனுக்கு மனம் வரவில்லை. "நாப்பது வருசமா ஓட்டைய அடைச்சுத்தான் பழக்கம்" என்றார். கெஞ்சிய பிறகு, கதவுக்கு நேரே தரையோரம் நாய் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து அறுத்துக் கொடுத்தார். அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, நின்று பார்க்கப் பிடிக்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பச்சமுத்து பொந்து வழியே தலையை நீட்டியபோது எதிரே ஓர் ஆட்டோ நின்றது.

முருகையன் இறங்கினார். தலையில் பாலித்தீன் உறை. பின்னால் சரஸ்வதி, மார்போடு துணிமூட்டையாகக் குழந்தை. சீர் சாமான் பெரிதாக இருந்தது. அண்டா, குத்துவிளக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு, சாமி படம், முருகையனின் தலையணை. தலையணையும் சீரில் சேர்த்தியா என்று பச்சமுத்துவுக்குத் தெரியவில்லை. அவர்கள் பக்கத்து முறையாக இருக்கலாம்.

"அத்தை வரலியா மாமா?" என்றான், மண்டியிட்டபடியே.

"வீட்டப் பாத்துக்க ஆள் வேணாமா?"

முருகையன் அம்பாரத்தைச் சுற்றி ஒரு தரம் வந்தார். மறுபடி வந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குள் தவழ்ந்து நுழைந்தார். சரஸ்வதி குழந்தையை முன்னால் நீட்டிக் கொடுத்துவிட்டு நுழைந்தாள்.

பச்சமுத்து விளக்கேற்றினான். ஈரத் தொட்டிலில் காய்ந்த சேலையை விரித்துக் குழந்தையைப் போட்டான். குழந்தை அவனைப் பார்த்தது, பிறகு விளக்கைப் பார்த்தது, பிறகு உறங்கிவிட்டது. சரஸ்வதி அவன் முகத்தைப் பார்க்காமல் தலை குனிந்திருந்தாள். வீட்டை நினைத்து அவமானப்படுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்..." என்று தொடங்கினாள்.

முருகையன் இருமினார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

முருகையன் அண்ணாந்து பார்த்தார். எழுந்து மூலை மூலையாகப் போய்க் கையை நீட்டிச் சொட்டுக்காகக் காத்திருந்தார். கை காய்ந்தே இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். மழை எங்கோ வேறு ஊரில் பெய்வது போலக் கேட்டது. இவ்வளவு பெரிய சோதனைக்குப் பிறகு வருவது, மகளைத் திரும்பக் கூட்டிப்போகிற பேச்சாகத்தான் இருக்க முடியும் என்று பச்சமுத்து நினைத்தான். தொட்டில் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றார் முருகையன்.

"மழைக்காலம் முடியற வரைக்கும் தாங்கும் மாமா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வாசல் வச்சு நல்லாக் கட்டிடறேன். கொழந்தை மட்டும் இங்கியே இருக்கட்டும் மாமா. கூட்டிக்கினு போயிடாதீங்க."

முருகையன் வாயைத் திறந்தார். எதையோ சொல்ல முயன்று, முடியாமல், மறுபடி மோட்டைப் பார்த்தார்.

அப்போது பொந்து வழியே ஆட்டோக்காரரின் நனைந்த தலை உள்ளே வந்தது.

"பெரியவரே, மழை வலுக்குது. ஓடெல்லாம் பறந்துபோன உங்க வீட்டுல வீட்டம்மா தனியா பீரோவுக்குக் குடை பிடிச்சுக்கினு நிக்கிறாங்க. அடுத்த நடையில அவங்கள மொதல்ல கொண்டாரவா, பீரோவக் கொண்டாரவா?"