சோதனைக் கட்டத்தில் பதினோரு சீட்டு

இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவன் கையில் ஒட்டுச்சீட்டுக் கட்டைக் கொடுக்கவே கூடாது. எனக்குக் கொடுத்தார்கள். அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. தலையில் முடி நிறைய இருந்தது, கர்வம் அதைவிட நிறைய.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். எந்த லாரி எத்தனை மணிக்குச் சரக்கு ஏற்ற வரவேண்டும் என்று நேரம் ஒதுக்கும் மென்பொருளை லாரி கம்பெனிகளுக்காக எழுதினோம். எழுத என்னோடு சேர்த்து நான்கு பேர். எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஒரே ஆள், பரமேஸ் அக்கா. சுங்கை பினாங்கிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு நாளும் உடம்பு சரியில்லை என்று எம்.சி. போட்டதில்லை (நான் போட்ட எம்.சி.களை வரிசையாக ஒட்டினால் ஒரு சுவர் போதாது).

பயிற்சியில் கற்றபடி கான்பான் பலகை ஒன்றை மாட்டினேன். காத்திருப்பது, எழுதுவது, சோதிப்பது, முடிந்தது என்று நான்கு கட்டங்கள். வேலைக்கு ஒரு சீட்டு, அது கட்டம் கட்டமாக நகரும். உயிரான விதி ஒன்றுதான்: ஒரு கட்டத்தில் குறித்த எண்ணுக்கு மேல் சீட்டு சேரக் கூடாது. நிரம்பிவிட்டால் மற்றவர்கள் புது வேலையைத் தொடாமல் அங்கே போய்க் கைகொடுக்க வேண்டும். சோதனைக் கட்டத்தின் தலையில் சிவப்பு மையால் 3 என்று எழுதி, நாலடி தள்ளி நின்று ரசித்தேன்.

மூன்றாம் நாளே மூன்றும் நிரம்பின. விதிப்படி நாங்கள் நால்வரும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சோதித்திருக்க வேண்டும். யார் செய்வது? எழுதுகிற எங்களுக்கு அது மட்டமான வேலை. நான் 3-ஐ அடித்து 6 ஆக்கினேன். அடுத்த வாரம் 6-ஐ அடித்து 12. அசிங்கமாகத் தெரிந்ததால் அடித்தவற்றை மறைத்து, மேலே புதுத் தாளில் 12 என்று அழகாக எழுதி ஒட்டினேன்.

ஒரு காலையில் அக்கா பலகைமுன் நின்றார். சோதனைக் கட்டத்தில் பதினோரு சீட்டு. அத்தனையிலும் அவர் பெயர்.

"தம்பி, இந்த மாசத்தோட என் கான்ட்ராக்ட் முடியுது. வெள்ளிக்கிழமை பாஸ் வராரு. இதப் பார்த்தா நான்தான் எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கிற மாதிரி இல்ல?"

"அக்கா, போர்டு ஆளைக் காட்டாது. சிஸ்டத்தைத்தான் காட்டும்." (பயிற்சியில் கேட்டது. சொந்தச் சரக்கு இல்லை.)

"அப்படின்னா சரி லா. மக ஃபார்ம் ஃபைவ்ல இருக்கா, இந்த வருஷம் பெரிய பரீட்சை, அதான் கேட்டேன்."

வெள்ளிக்கிழமை பாஸ் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

"எங்க அடைக்குது?"

"இங்க, சார்." விரலை நீட்டினேன்.

"இது யாரு, பரமேஸா? மத்தவங்க எல்லாம் லாஜுவாதான் செய்யறாங்க. இவங்கதான் ஸ்லோ."

12 என்ற தாளை அந்த நிமிடமே கிழித்திருக்க வேண்டும். "அடைத்தது நாங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. "நல்ல போர்டு தம்பி. ஒரு பார்வையில தெரிஞ்சுபோச்சு" என்று பாஸ் தோளைத் தட்டியபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. அக்கா தன் மேசையில்தான் இருந்தார், எல்லாம் கேட்கிற தூரத்தில். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அக்காவின் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. எழுதுகிறவர்களே சோதித்துக்கொள்ளட்டும் என்றார் பாஸ். அக்கா குவளையைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். என்னிடமும் சொன்னார்.

பிறகு சீட்டுகள் பறந்தன. காலையில் எழுதியது, யாரும் சோதிக்காமலே, மாலையில் 'முடிந்தது'. காலியான சோதனைக் கட்டத்தைப் படம் பிடித்துப் பயிற்சியாளருக்கு அனுப்பினேன் (வெட்கங்கெட்டவன்).

மூன்றாம் வாரம் செபராங் ஜெயாவிலிருந்து போன். எங்கள் மென்பொருள் ஒரு கம்பெனியின் எல்லா லாரிகளுக்கும் காலை எட்டு மணி என்றே நேரம் கொடுத்திருந்தது. ஒரே கேட். ஓடினேன். சாலை முழுக்க லாரி. "என்ன தம்பி, தைப்பூசமா நடத்துறீங்க?" என்றார் அந்தக் கம்பெனி மேலாளர். யாரோ என் கையில் சிவப்புத் துணி ஒன்றைத் திணித்தார்கள். மதியம்வரை வெயிலில் நின்று லாரிகளுக்குக் கைகாட்டினேன். ஒன்று பின்னால் வந்தபோது விலகி, முழங்கால்வரை சாக்கடையில் இறங்கினேன். காலில் போட்டிருந்த சப்பாத்து ஒன்று அங்கேயே போயிற்று.

மறுநாள் பாஸ் சொல்லி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"திரும்பி வந்துடுங்கக்கா."

"டெஸ்டிங்ல இப்ப எத்தன சீட்டு தம்பி இருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை?" குரலில் கோபமே இல்லை. "டோபி கடையில சேர்ந்துட்டேன். மக டியூஷனத்தான் நிறுத்த வேண்டியதாப் போச்சு. நல்லா இருங்க தம்பி." மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டுத் தீபாவளி விருந்தில் என் மனைவி வருஷம் தவறாமல் இந்தக் கதையைச் சொல்வாள். "எங்க வீட்டுக்காரரு ஒரு நாள் லாரிக்கெல்லாம் போலீஸா நின்னாரு" என்று தொடங்குவாள். சாக்கடையில் விழுவதை என் மகன் நடித்துக் காட்டுவான். விருந்தாளிகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். எல்லோரையும் முந்திக்கொண்டு நான் சிரித்துவிடுவேன். எங்கள் வீட்டில் அந்தக் கதை லாரியிலிருந்துதான் ஆரம்பமாகும். அதற்கு முன்னால் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதை என் மனைவி படிக்கப்போகிறாள். இந்தத் தீபாவளிக்கு அவள் அந்தக் கதையை எடுப்பாளா, தெரியவில்லை.